முகப்பரு: மருந்துக்கடையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்கிறேன். காய்ச்சல் மாத்திரை கேட்பவர்கள் வாசலில் நின்றே சத்தமாகக் கேட்பார்கள். பருவுக்கு மருந்து கேட்பவர்கள் அப்படி இல்லை. மற்றவர்கள் போகும்வரை ஓரமாக ஒதுங்கி நின்று, கைக்குட்டையால் கன்னத்தை மறைத்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டவர்களைப்போல நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பரு என்பது என்ன? அது எப்படி உண்டாகிறது?

முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். தோல் வறண்டு வெடிக்காமல் காப்பது அந்த எண்ணெய்தான். முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 400 முதல் 900 சுரப்பிகள் வரை இருக்கின்றன. மார்பிலும் முதுகிலும் நிறைய உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை இல்லை. அதனால் அங்கே யாருக்கும் பரு வருவதில்லை.

சுரந்த எண்ணெய் மயிர்க்காலின் துளை வழியாக மேலே வந்து தோலில் பரவ வேண்டும். அந்தத் துளையின் உட்சுவரும் தோல்தான். அங்கேயும் பழைய செல்கள் இறந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. சிலருக்கு அவை உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதே நேரத்தில் எண்ணெயும் அதிகமாகச் சுரந்தால், இரண்டும் கலந்து பிசுபிசுத்து, துளையின் வாயில் தக்கைபோல அடைத்துக்கொள்ளும். காற்றுப் போகாத அந்த எண்ணெய்க் குழிக்குள், எப்போதும் நம் தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அங்கே விரைந்து வருகிறது. சிவப்பு, வலி, வீக்கம், சீழ் எல்லாம் அதனால் வருபவை. இந்த அழற்சி கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்று கண்ணாடியில் தெரியும் பரு இன்று முளைத்ததல்ல. அடைப்பு விழுந்து, அது கண்ணுக்குத் தெரியும் பருவாவதற்கு எட்டு வாரம்வரை ஆகலாம். கீழே பல பதில்களில் இந்த எட்டு வாரம் திரும்ப வரும்.

கரும்புள்ளி அழுக்குதானே? நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போகாதா?

அழுக்கு இல்லை. அடைப்பின் மேல்வாய் திறந்திருந்தால், உள்ளே இருக்கும் எண்ணெயும் தோலின் நிறமியும் காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. அதுதான் கரும்புள்ளி. வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் பார்த்து யாரும் அதை அழுக்கு என்று சொல்வதில்லை.

தேங்காய் நாரால் தேய்ப்பவர்களையும், சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து தேய்ப்பவர்களையும், ஒரு நாளைக்கு ஏழு முறை சோப்புப் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். தக்கை இருப்பது துளைக்கு உள்ளே. தேய்ப்பு படுவது மேல்தோலில். தேயத் தேயத் தோல் புண்ணாகி அழற்சி கூடும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, வியர்த்து வந்தால் இன்னொரு முறை, மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு விரல்களால் கழுவினால் போதும்.

பரு வந்த பிள்ளையைப் பார்த்து "முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்று சொல்லும் பெரியவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களைவிட அதிகமாக முகம் கழுவிக்கொண்டிருக்கிறது.

ஏன் பத்து, பன்னிரண்டு வயதில் தொடங்குகிறது?

அந்த வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் உடலில் ஏறத் தொடங்குகின்றன. பெயரைப் பார்த்து ஆண்களுக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். பெண்ணின் சினைப்பையும், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் இவற்றைச் சுரக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பி இந்த ஹார்மோனின் கட்டளைக்குக் கட்டுப்பட்டது; கட்டளை வந்ததும் சுரப்பி பெருத்து எண்ணெயைக் கொட்டுகிறது.

பரு உள்ளவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். அவர்களுடைய சுரப்பிதான் கொஞ்சம் ஹார்மோனுக்கே அதிகமாகத் துள்ளுகிறது. ஒரே வகுப்பில், ஒரே சாப்பாடு சாப்பிட்டு, ஒரே சோப்புப் போடும் இரண்டு தோழிகளில் ஒருத்தி முகம் வழுவழுப்பாகவும் இன்னொருத்தி முகம் பருவாகவும் இருப்பது இதனால்தான். சுரப்பியின் இந்தத் தன்மை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இளவயதில் தழும்பு விழும் அளவுக்குப் பரு இருந்திருந்தால், பிள்ளைக்கு வந்தவுடனே மருத்துவம் தொடங்கிவிடுவது நல்லது.

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் கன்னத்தில் சிறு பொரிகள் வந்து தானாகப் போவதுண்டு, பயம் வேண்டாம். ஆனால் ஒரு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் பரு வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அந்த வயதில் ஆண்ட்ரோஜன் ஏறக் கூடாது.

ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா?

ஒட்டாது. அந்த நுண்ணுயிர் எல்லோர் தோலிலும் ஏற்கெனவே இருக்கிறது. பரு உள்ள பிள்ளையின் துண்டைத் தனியாகப் போடச் சொல்வது அந்த மனத்தைத்தான் புண்படுத்தும்.

உடம்புச் சூடுதானே காரணம்? மாம்பழம், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் நிறுத்த வேண்டுமா?

இந்தக் கேள்வி கேட்காத நாளே இல்லை. வெயில் காலத்தில் வியர்வையும் எண்ணெயும் கூடுவதால் பலருக்குப் பரு அதிகமாவது உண்மை. நம் பாட்டிமார் அதைக் கண்ணால் பார்த்துத்தான் சூடு என்றார்கள். ஆனால் நேற்று சாப்பிட்ட மாம்பழம் இன்று பருவாக வருவதில்லை. எட்டு வாரக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் போட்ட எண்ணெய் அப்படியே முகத்தில் வழிவதும் இல்லை. பேதி மருந்து குடித்தால் "கெட்ட ரத்தம்" போய் முகம் தெளியும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதைக் குடித்துச் சோர்ந்து விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்கு சாக்லேட் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதனால் பரு கூடவில்லை என்று அறிவித்தார்கள். ஒப்பிடுவதற்குக் கொடுத்த போலி சாக்லேட்டிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்பது பிறகு பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் பல ஆண்டுகள் மருத்துவர்கள் "உணவுக்குத் தொடர்பில்லை" என்றே சொல்லி வந்தார்கள்.

2002-இல் வந்த இன்னொரு ஆய்வு யோசிக்க வைத்தது. பப்புவா நியூ கினியில் கிட்டாவா என்றொரு தீவு. கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும்தான் அவர்கள் சாப்பாடு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவர் முகத்தில்கூடப் பரு இல்லை. இதற்குப் பரம்பரையும் காரணமாக இருக்கலாம். ஆனால் 2007-இல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 43 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவை 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் ஆண்ட்ரோஜனும் எண்ணெய்ச் சுரப்பியும் தூண்டப்படும். அதுதான் தொடர்பு.

ஆகவே என் பதில் இது. இனிப்புப் பானம், பாக்கெட் பிஸ்கட், மைதா, திரும்பத் திரும்பத் தட்டில் விழும் வெள்ளைச் சோறு இவற்றைக் குறையுங்கள். பயறு, சுண்டல், காய், கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். சிலருக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் கலக்கிக் குடிக்கும் வே புரோட்டீன் பொடி பலருக்கு முதுகிலும் முகத்திலும் பருவைக் கிளப்புகிறது. நிறுத்திவிட்டு இரண்டு, மூன்று மாதம் பாருங்கள். மாம்பழத்தின் மேல் பழி வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு துண்டு சாப்பிடுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைப்பதால் பரு வருமா?

நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் சின்னச் சின்னப் பொரியாக வரிசையாக வந்தால் முதலில் எண்ணெயைத்தான் சந்தேகிக்க வேண்டும். தலைத் தைலங்களால் நெற்றியில் வரும் பருவைப் பற்றித் தோல் மருத்துவர்கள் 1970-லேயே எழுதியிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் கூந்தலுக்கு நல்லது. துளையை அடைக்கும் தன்மையும் அதற்கு உண்டு. எண்ணெய் வைப்பதை விட வேண்டாம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நெற்றிக்கு ஒரு விரல் தள்ளி வைத்து, அலசிவிடுங்கள். இரவு முழுக்க எண்ணெய்த் தலையோடு படுத்தால் அது தலையணை உறையில் இறங்கி, உறையிலிருந்து கன்னத்துக்கு வரும். உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள்.

மாதவிலக்குக்கு முன்பு தாடையில் மட்டும் வருகிறதே?

பல பெண்களுக்கு அப்படித்தான். அந்த நாள்களில் ஹார்மோன்களின் விகிதம் மாறுகிறது. அதோடு மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதம் தள்ளிப் போவது, மோவாயிலும் மேலுதட்டிலும் முரட்டு முடி, உச்சந்தலையில் முடி மெலிவது, எடை ஏறுவது இவையும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் நிலை இருக்கலாம். அப்போது களிம்பு மட்டும் போதாது. மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது வயதில் பரு வருகிறதே என்று வெட்கப்படும் பெண்கள் பலர். அது ஒன்றும் அபூர்வமில்லை.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தால் பரு வருமா?

வரும். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், மனநலத்துக்குத் தரும் லித்தியம், ஸ்டீராய்டு மாத்திரை, அளவுக்கு அதிகமான பி12 ஊசி ஆகியவை அப்படிப்பட்டவை. பருவுக்குப் பயந்து காசநோய் மருந்தையோ வலிப்பு மருந்தையோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் போட்ட கிரீமைப் போட்டேன்; ஒரே வாரத்தில் முகம் பளபளப்பானது. தொடர்ந்து போடலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்வேன்.

ஒரு கல்லூரி மாணவி வந்தாள். பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடைசித் துளிவரை பிதுக்கி, வாலிலிருந்து கழுத்துவரை பாய்போல் சுருட்டியிருந்தாள். "அக்கா, இதே டியூப் பெரியதாக இருக்கிறதா?" என்று கேட்டாள். வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். கன்னம் முழுவதும் சிவப்பு. அதற்குள் நூல் நூலாக ரத்தக் குழாய்கள். காதோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்றாள். பரு முன்பைவிடக் கூடியிருந்தது. அக்காள் கல்யாணத்துக்காக யாரோ ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தது. ஏழு மாதமாகப் போடுகிறாள். டியூபின் மடிப்பை விரித்து அந்தப் பொடி எழுத்துகளைப் படித்துக் காட்டினேன்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும். அதனால் முதல் வாரம் முகம் தெளிந்து, நிறம் கூடியதுபோல் தெரியும். நாளாக ஆக அது தோலை மெலியச் செய்து, பருவைத் தானே உண்டாக்கும். நிறுத்தினால் முகம் தீயாய்ச் சிவக்கும். அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். இப்படித்தான் அதற்கு அடிமையாகிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணைக்குப் பிறகும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அப்படிச் செய்வதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

டியூபைத் திருப்பிப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் தொடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால், எப்படி விடுவது என்பதையும் தோல் மருத்துவரிடமே கேளுங்கள். அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்பினேன். சிவப்பு இறங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

ஜாதிக்காய், மஞ்சள், வேப்பிலை, பற்பசை?

ஜாதிக்காயைக் கல்லில் உரைத்துப் பருவின்மேல் வைப்பதும், சந்தனம் பூசுவதும் நம் வீடுகளில் உள்ள வழக்கம். ஒன்றிரண்டு பருவுக்கு வைத்து, எரிச்சல் இல்லை என்றால் நான் தடுப்பதில்லை. உள்ளே விழும் அடைப்பை அவை தடுக்காது. பற்பசை, பூண்டு, சமையல் சோடா மூன்றும் தோலைப் பொசுக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்பளித்துக் கறுத்துப்போகும். அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

கிள்ளினால் என்ன?

என் இடது கன்னத்தில் மூன்று குழிகள் இருக்கின்றன. பதினாறு வயதில், மறுநாள் போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்பதற்காக, ஊக்கைத் தீயில் காட்டிக் குத்திப் பிதுக்கினேன். பிதுக்கும்போது சீழ் வெளியே மட்டும் வருவதில்லை; துளையின் சுவர் உடைந்து தோலின் ஆழத்துக்குள்ளும் இறங்குகிறது. அது ஆறும்போது தோல் உள்ளிழுத்துக் குழியாகிறது. முப்பது ஆண்டாகியும் அவை அங்கேதான் இருக்கின்றன.

எந்த மருந்து என்ன வேலை செய்கிறது? எத்தனை நாளில் போகும்?

பென்சாயில் பெராக்சைடு நுண்ணுயிரைக் கொல்லும். 2.5 சதவீதமே 10 சதவீதத்துக்கு ஈடாக வேலை செய்யும், எரிச்சல் குறைவு. வலிமை அதிகமானதைக் கேட்டு வாங்காதீர்கள். துணியையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டு பயன்படுத்துங்கள். அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டும் வைட்டமின் ஏ குடும்பம். தக்கை உண்டாவதையே தடுப்பவை. இரவில் மட்டும், முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பருவின்மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை. நாளைய பரு இன்று வெறுமையாகத் தெரியும் இடத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசலாயிக் அமிலம் பொருந்தும்.

கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாகப் போட்டால் நுண்ணுயிர் அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போட வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரையை மருத்துவர் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் நீட்ட மாட்டார். அதை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

எட்டு வாரம் கழித்துத்தான் மாற்றம் தெரியத் தொடங்கும். பத்து நாளில் "கேட்கவில்லை" என்று வேறு களிம்புக்குத் தாவுபவர்களே என் கடையில் அதிகம். முதல் இரண்டு, மூன்று வாரம் சற்றுக் கூடினதுபோல்கூடத் தெரியும், பொறுங்கள்.

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கண்டு பயமாக இருக்கிறது.

தழும்பு விழும் கடுமையான பருவுக்கு அதைவிட வலிய மருந்து இல்லை. 1982 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். உதடு வறளும், ரத்தத்தில் கொழுப்பும் கல்லீரலும் சோதிக்கப்படும், மனம் சோர்ந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை: சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, கரு கடுமையாகப் பாதிக்கப்படும். திருமணம் நிச்சயமான பெண்கள் இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மிச்ச மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு வருகிறது. மருந்து எதுவும் கேட்கவில்லையே?

நெற்றியிலும் முதுகிலும் ஒரே மாதிரிப் பொரிகளும் அரிப்பும் இருந்தால் அது பருவே இல்லாமல், மயிர்க்காலில் மலசீசியா என்ற பூஞ்சை செய்யும் வேலையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதைக் கூட்டும். மருத்துவர் பார்த்துப் பூஞ்சை மருந்து தருவார்.

பரு போன இடத்தில் கறுப்பு நிற்கிறதே?

நம்முடைய மாநிறத் தோலில் அழற்சி பட்ட இடமெல்லாம் நிறமி கூடும். அது கறை, தழும்பு இல்லை. மாதங்கள் ஆனாலும் மங்கும். வெயில் பட்டால் மங்கத் தாமதமாகும், சன்ஸ்கிரீன் போடுங்கள். விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தால் அதுதான் தழும்பு. களிம்பால் நிரம்பாது, பரு முழுதும் அடங்கிய பிறகு தோல் மருத்துவர் செய்யும் சிகிச்சைகள் உண்டு.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

விரலால் தொட்டால் ஆழத்தில் உருண்டையாக வலிக்கும் கட்டிகள், விழத் தொடங்கிய குழிகள், எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் மாறாத பரு இவற்றில் ஒன்று இருந்தாலும் போங்கள். கண்ணாடி பார்க்க மறுத்து, கல்லூரிக்குப் போகாமல், போட்டோவிலிருந்து விலகி நிற்கும் பிள்ளைக்கு நாலே நாலு பரு இருந்தாலும் அழைத்துப் போங்கள். "கல்யாணமானால் சரியாகும்" என்று காத்திருந்தால், பரு ஒரு நாள் அடங்கலாம். அதற்குள் குழி விழுந்துவிடும்.

போகும்போது முகத்தில் பவுடர் வேண்டாம். இதுவரை பூசியது, குடித்தது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தீர்ந்துபோன டியூபையும் சுருட்டியபடியே எடுத்துப் போங்கள். பெயர் அதில்தான் இருக்கிறது.